ஐயாயிரம் வீடு, பதின்மூன்று லட்சம் வாசல்

மதுரையில் ஆடி மாதம் யாரும் வீடு மாறமாட்டார்கள். பள்ளிக்கூடச் சேர்க்கைக்காகக் குடித்தனம் மாறுகிறவர்கள் வைகாசியிலேயே மாறி முடித்திருப்பார்கள். மற்றவர்கள் ஆவணி பிறக்கட்டும் என்று பொறுத்திருப்பார்கள். வாடகை வீடு, ஒத்தி வீடு, மனை விளம்பரங்களை வைத்துப் பிழைக்கும் ஓர் இணையதளத்தைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்க இதைவிடத் தோதான மாதம் கிடைக்காது. சென்ற ஆண்டு ஆடி முதல் தேதி அந்த வேலையைத் தொடங்கினேன். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தது முடிந்தபோது மார்கழி ஆகியிருந்தது.

தளத்தின் உரிமையாளர் இருபது ஆண்டுகள் வீட்டுத் தரகராக இருந்தவர். சிம்மக்கல்லில் மாடியில் ஓர் அறை, இரண்டு மேசை, பழைய நோட்டுகள் அடுக்கிய இரும்பு அலமாரி. நான் அவரை அண்ணே என்று அழைப்பேன். அவர் சொன்ன குறை ஒன்றுதான். “தம்பி, கோச்சடையில் ஒத்திக்கு வீடு என்று கூகுளில் தேடினால் நம்முடைய தளம் வருவதே இல்லை. நம்மிடம் பதினோரு வீடு இருக்கிறது. ஒரு வீடுகூட இல்லாதவன் பக்கம் மேலே நிற்கிறது.”

தேடிப் பார்த்தேன். உண்மைதான்.

அப்போது தளத்தில் உயிரோடு இருந்த விளம்பரங்கள் சுமார் 5,200. ஆனால் ஒரு தளத்தைக் கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று தளக்காரருக்குக் காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்தால், கண்டறிந்தும் இன்டெக்ஸில், அதாவது தேடல் அட்டவணையில், சேர்க்காமல் விட்ட இணைய முகவரிகள் என்ற கணக்கில் பல லட்சம் நின்றது. எங்கிருந்து வந்தன இத்தனை? விடை தேடல் பக்கத்தின் இடது ஓரத்தில், எல்லோரும் பார்க்கும்படியே இருந்தது. வடிகட்டிகள். பகுதி 86, வகை 3, படுக்கையறை 5, வாசல் பார்க்கும் திசை 4, தொகை வரம்பு 7, தண்ணீர் வசதி 3, பட்டியலை வரிசைப்படுத்தும் முறை 4. எந்த வடிகட்டியையும் தொடாமல் விடலாம் என்பதால், வரிசைப்படுத்துவது நீங்கலாக மற்றவை ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 87 × 4 × 6 × 5 × 8 × 4 × 4. கால்குலேட்டரில் அழுத்தி அண்ணனிடம் காட்டினேன்: 13,36,320.

“மதுரையில் மொத்தமே அத்தனை வீடு இருக்காதே தம்பி” என்றார்.

அதுவும் குறைந்தபட்சக் கணக்குதான். முன்பு தளத்தைக் கட்டியவர், வடிகட்டிகளை எந்த வரிசையில் அழுத்துகிறோமோ அதே வரிசையில் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் சேரும்படி எழுதியிருந்தார். பகுதியை முதலில் தேர்ந்து திசையைப் பிறகு தேர்ந்தால் ஒரு முகவரி. திசையை முதலில் தேர்ந்தால் வேறொரு முகவரி. உள்ளே இருக்கும் வீடுகள் அதேதான். ஐந்து வடிகட்டிகளை 120 விதமான வரிசையில் அழுத்தலாம். இதற்கு மேல் வாட்ஸ்அப்பில் பகிரும்போது ஒட்டிக்கொள்ளும் குறியீடு வேறு.

சிறு தளங்கள் கூகுளின் ஊர்தல் அளவைப் பற்றி, அதாவது அதன் நிரல் எத்தனை பக்கங்களுக்கு வந்து போகும் என்பதைப் பற்றி, கவலைப்பட வேண்டாம் என்று கூகுளே சொல்கிறது. 10 லட்சம் பக்கத்துக்கு மேல் உள்ள தளங்கள், அல்லது நாள்தோறும் மாறும் 10,000 பக்கத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள்தான் அதை யோசிக்க வேண்டும் என்பது அவர்களுடைய வழிகாட்டி தரும் தோராய அளவு. ஐயாயிரம் வீடுதானே என்று நானும் முதலில் அசட்டையாக இருந்தேன். ஊர்ந்து வந்து பக்கங்களைப் படிக்கும் அந்த நிரலான கூகுள்பாட் எண்ணுவது வீடுகளை அல்ல, முகவரிகளை. அந்தக் கணக்கில் நாங்கள் சிறிய தளமே இல்லை.

அடுத்து சர்வரின் வருகைப் பதிவு. ஒரு மாதப் பதிவை இறக்கி, கூகுள்பாட் என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்த வரிகளை மட்டும் பிரித்தேன். பெயரை நம்பக் கூடாது. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் வரலாம். வந்த ஐபி எண்ணைத் தலைகீழாகத் தேடினால் கூகுளுக்குச் சொந்தமான டொமைனில் முடிய வேண்டும், அந்தப் பெயரை மறுபடி நேராகத் தேடினால் அதே ஐபி எண் வர வேண்டும். இந்தச் சல்லடையில் ஒரு பங்கு போலிகள் உதிர்ந்தன. மிஞ்சிய உண்மையான வருகைகளில் பத்தில் எட்டு, வடிகட்டிப் பக்கங்களுக்கு. வீடுகளின் சொந்தப் பக்கங்களுக்குப் பத்தில் ஒன்றுகூட இல்லை. வாசல்களைத் தட்டித் தட்டியே அதன் பொழுது போய்க்கொண்டிருந்தது; வீட்டுக்குள் வர நேரமில்லை.

அந்தப் பதிவைப் படிக்கும்போதுதான் இன்னொரு விந்தை கண்ணில் பட்டது. முகவரிகளில் பகுதிப் பெயர்கள் தமிழிலேயே இருந்தன. அது நல்ல விஷயம்தான், நான் அதை மாற்றவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் கோரிப்பாளையத்தை ஜி-யில் தொடங்குகிறவர்களும் உண்டு, கே-யில் தொடங்குகிறவர்களும் உண்டு. தமிழில் அந்தச் சண்டை இல்லை என்று நினைத்தேன். ஆனால் பட்டியலில் கோரிப்பாளையம் இரண்டு முறை இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி வருகை எண்ணிக்கை. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதேதான்.

பிறகு பதிவின் மூல வடிவத்தைப் பார்த்தேன். இணைய முகவரியில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்; ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது இடம். கோரிப்பாளையம் என்பது யூனிகோடில் 13 குறியீடு, அதாவது 117 இடம். ஒரு வரி அப்படியே இருந்தது. இன்னொன்று 126. சரியாக ஒன்பது இடம் கூடுதல், அதாவது ஒரு குறியீடு அதிகம். அது முதல் எழுத்திலேயே இருந்தது. ‘கோ’ என்பதைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரம், இரட்டைச் சுழிக் கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணிப்பொறிக்கு இரண்டும் வேறு வேறு சொல். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து மாற்றி ஒட்டிய விளம்பரங்கள் பிரிந்த வடிவில் வந்திருந்தன. கைப்பேசியில் எழுதியவை சேர்ந்த வடிவில். கோச்சடையும் அப்படித்தான். பொன்மேனி, கொட்டாம்பட்டி, சோழவந்தான் என்று ஒகர ஓகாரம் வந்த இடமெல்லாம் இரண்டிரண்டு. அண்ணனின் பதினோரு கோச்சடை வீடுகள் ஒரு பக்கத்தில் ஏழும் இன்னொன்றில் நான்குமாகப் பிளந்து கிடந்தன.

இதற்கு மருந்து எளிது. யூனிகோடே இதற்கென்று ஒரு சீர் வடிவத்தை வரையறுத்திருக்கிறது, என்எஃப்சி என்று பெயர். தரவுத்தளத்தில் எழுதும் முன்னும், முகவரியைப் படிக்கும்போதும் எல்லாச் சொல்லையும் அந்த வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பிரிந்த வடிவத்தில் யாராவது வந்தால் சேர்ந்த வடிவத்துக்கு 301 என்ற நிரந்தர முகவரி மாற்றக் குறியைப் போட்டு அனுப்ப வேண்டும். அரை நாள் வேலை. தமிழில் முகவரி வைத்திருக்கும் தளக்காரர்கள் எல்லோரும் தங்கள் பதிவை ஒருமுறை இந்தக் கண்ணோடு பார்த்துவிடுவது நல்லது. தேடல் உகப்பாக்கம் பற்றி நான் படித்தவற்றில் இது எங்குமே இல்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்த வம்பு வராது.

அடுத்தது எந்த வாசலை விடுவது, எதை அடைப்பது என்ற கேள்வி. இதில் என் யூகத்தை நம்பவில்லை. சர்ச் கன்சோல் 16 மாதத் தேடல் சொற்களை வைத்திருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். பகுதியும் வகையும் சேர்ந்த தேடல்கள் ஏராளம். பகுதி, வகை, படுக்கையறை எண்ணிக்கை மூன்றும் சேர்ந்தவையும் உண்டு. தண்ணீரைப் பற்றி நேரில் வந்து முதல் கேள்வியாகக் கேட்கும் ஊர் இது. ஆனால் கூகுளில் அதை யாரும் தட்டுவதில்லை. இன்னொரு பிழையும் தெரிந்தது. முன்பு கட்டியவர் தலைப்புகளில் எல்லாம் ‘லீஸ்’ என்று போட்டிருந்தார். அது சென்னை வழக்கம். மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்கும் முறைக்கு இங்கே ‘ஒத்தி’ என்றுதான் பெயர். தேடுகிறவர்களும் அப்படியே தட்டுகிறார்கள். தலைப்பில் ஒத்தி என்று மாற்றினேன்.

திசையை முழுக்க அடைத்துவிடலாம் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “கிழக்குப் பார்த்த வீடு கேட்டு ஒரு நாளைக்கு நான்கு பேர் போன் செய்கிறார்கள்.” மறுபடி சொற்களைத் துழாவினால் இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருந்தது. வாடகைக்குத் தேடுகிறவர்கள் திசையைத் தட்டுவதே இல்லை. விலைக்கு வாங்குகிறவர்கள் தட்டுகிறார்கள். ஆகவே விற்பனைக்கு மட்டும் கிழக்கு, வடக்கு இரண்டுக்கும் வாசல் விட்டேன். முடிவாக வைத்த விதி: பகுதியும் வகையும் சேர்ந்த பக்கம், அதோடு படுக்கையறை சேர்ந்த பக்கம், விற்பனையில் இந்த இரண்டு திசை. அதிலும் குறைந்தது ஐந்து வீடு இருந்தால்தான் பக்கம் தேடலுக்குப் போகும். இவற்றுக்குக் கேள்விக்குறி இல்லாத சுத்தமான முகவரி. மற்ற வடிகட்டிகள் பயனருக்கு வழக்கம்போல வேலை செய்யும், தேடுபொறிக்கு இல்லை. வரிசைப்படுத்துவதை இணைப்பாக வைக்காமல் பக்கத்துக்குள்ளேயே நடக்கும் பொத்தானாக மாற்றினேன். ஒரு வீடும் சிக்காத சேர்க்கைகள் அதுவரை ‘வீடுகள் இல்லை’ என்று எழுதிக்கொண்டே 200 என்ற நலக் குறியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. அவை இனி 404, ‘பக்கம் இல்லை’ என்ற குறி.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆடி பத்தாம் தேதி இரவு அவசரப்பட்டேன். வடிகட்டிப் பக்கங்கள் எல்லாவற்றிலும், தேடலில் காட்டாதே என்று சொல்லும் நோஇன்டெக்ஸ் குறியைப் போட்டேன். அதோடு நிற்காமல், தேடுபொறி நிரல்கள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில், கேள்விக்குறி உள்ள முகவரி எதற்கும் வராதே என்று ஒரே வரியில் தடையும் போட்டேன். இரட்டைப் பூட்டு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

பூட்டு அல்ல, முட்டாள்தனம். ரோபாட்ஸ் கோப்பு பக்கத்துக்கு வருவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே இன்டெக்ஸில் இருப்பதை எடுக்காது. எடுக்கச் சொல்வது நோஇன்டெக்ஸ் குறி. அது பக்கத்துக்குள் இருக்கிறது. பக்கத்துக்கு வராதே என்று வாசலிலேயே தடுத்துவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் அறிவிப்பை யார் படிப்பது? பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்குப் போட்ட 301 அத்தனையும் அந்தத் தடைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. எல்லாவற்றையும்விடக் கேடு, பட்டியலின் இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்பதும் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருந்தது. முதல் பக்கத்தில் இல்லாத வீடுகளுக்குப் போகும் வழியையே அடைத்துவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. சர்ச் கன்சோலில் ‘தடுக்கப்பட்டிருந்தும் இன்டெக்ஸில் உள்ளவை’ என்ற வரி ஏறிக்கொண்டே போனது. வருகைப் பதிவில் வீட்டுப் பக்கங்கள் இன்னும் குறைந்திருந்தன. அண்ணனிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. “ஆடிதானே” என்றார்.

தடையை எடுத்தேன். கூகுள் ரோபாட்ஸ் கோப்பைப் பொதுவாக 24 மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கும். ஒரு நாள் பொறுத்து மீண்டும் வரத் தொடங்கியது. நோஇன்டெக்ஸை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு புரட்டாசி முடியும்வரை கைகட்டிக் காத்திருந்தேன். இன்டெக்ஸிலிருந்து வடிகட்டிப் பக்கங்கள் பெரும்பாலும் உதிர்ந்த பிறகு ரோபாட்ஸில் திசை, தொகை, தண்ணீர், வரிசை என்ற நான்கு பெயர்களை மட்டும் குறிப்பிட்டுத் தடுத்தேன். பக்க எண் திறந்தே இருக்கிறது. இந்தக் காத்திருப்பைச் சுருக்க வழி உண்டா என்று தேடினால், பழைய கட்டுரைகள் சர்ச் கன்சோலில் முகவரி அளவுருக் கருவி என்று ஒன்றைக் காட்டுகின்றன. 2022 ஏப்ரலிலேயே அதை எடுத்துவிட்டார்கள். கட்டுரைகள் மட்டும் சிரஞ்சீவியாக இருக்கின்றன.

காத்திருந்த நாட்களில் பக்க எண் விவகாரத்தைச் சரிசெய்தேன். இரண்டாம் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை எல்லாவற்றிலும் கேனானிக்கல் குறி முதல் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதாவது ‘நான் முதல் பக்கத்தின் நகல்’ என்று ஒவ்வொன்றும் தானே சாட்சி சொன்னது. நகல் அல்ல, அவற்றில் வேறு வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கமும் தன்னையே காட்டும்படி மாற்றினேன். முந்தைய பக்கம், அடுத்த பக்கம் என்று காட்டும் குறிகளைக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2019-இல் சொல்லிவிட்டது. இருந்தவற்றை எடுக்காமல் விட்டேன், கெடுதல் ஒன்றும் இல்லை. கைப்பேசிப் பக்கத்தில் ‘மேலும் காட்டு’ என்ற பொத்தான் மட்டுமே இருந்தது. கூகுள்பாட் பொத்தானை அழுத்தாது. அதற்கடியில் பக்க எண்களை உண்மையான இணைப்புகளாக வைத்தேன்.

போன வீடுகளின் கதை இன்னும் பெரிது. அண்ணனின் பழைய நோட்டு ஒன்றை அப்போதுதான் எடுத்துக் காட்டினார். தெருவாரியாக வீடுகள், ஒரு வீட்டுக்கு ஒரு வரி. ஆள் குடிவந்துவிட்டால் சிவப்பு மையில் ஒரு கோடு. சில பக்கங்களில் எல்லா வரியும் சிவப்பு. தளத்தில் அந்தச் சிவப்பு மை கிடையாது. வாடகைக்குப் போன வீட்டின் பக்கம் ‘இந்த விளம்பரம் முடிந்தது’ என்ற ஒரு வரியோடு அப்படியே நின்றது. தளம் தொடங்கியதிலிருந்து சேர்ந்தவை, உயிரோடு இருப்பவற்றைப் போல எட்டு மடங்கு. முன்பு ஒருவர் அவற்றையெல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும்படி ஆலோசனை சொன்னாராம். அப்படித் திருப்புவதையும் கூகுள் பொய்யான நலக் குறியாகவே எடுத்துக்கொள்ளும். நான் 410 போட்டேன். 404 போட்டிருந்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் ‘போய்விட்டது, இனி வராது’ என்பதற்கு 410 பொருத்தமாகத் தோன்றியது. அண்ணன் அதைச் சிவப்பு மை என்றே சொல்கிறார். “இன்றைக்கு எத்தனை சிவப்பு?” என்று காலையில் கேட்பார்.

பகுதிப் பக்கங்களின் அடியில் ‘அருகிலுள்ள பகுதிகள்’ என்று ஒரு வரிசை இருந்தது. அகர வரிசையில். அண்ணா நகருக்கு அருகில் அவனியாபுரம் என்று போட்டிருந்தது. ஒன்று வைகைக்கு வடக்கே, இன்னொன்று விமான நிலையம் போகும் வழியில். சிரித்துவிட்டு அண்ணன் ஒரு ரசீதுத் தாளைத் திருப்பிப் போட்டு வைகையை ஒரு கோடாக இழுத்தார். அண்ணா நகருக்கு கே.கே.நகரும் வண்டியூரும். அவனியாபுரத்துக்கு வில்லாபுரமும் பெருங்குடியும். கோச்சடைக்குப் பொன்மேனி, விராட்டிபத்து, துவரிமான். ஒரு மதியம் முழுக்க 86 பகுதிகளுக்கும் வாய் ஓயாமல் சொன்னார், நான் தட்டிக்கொண்டே வந்தேன். வீடு தேடுகிறவர் நடக்கும் திசையும் கூகுள்பாட் நடக்கும் திசையும் இப்போது ஒன்று.

அதே பக்கங்களின் தலையில் ஒரு பத்தி இருந்தது. பெயரை மட்டும் மாற்றி 86 இடத்திலும் ஒரே பத்தி. ‘வைகை ஆற்றங்கரையில் அமைந்துள்ள எழில்மிகு திருப்பரங்குன்றம்’ என்று படித்ததும் முருகனே இறங்கி வந்து திருத்துவார் போலிருந்தது. இப்படி மொத்தமாக அச்சடித்த உரைகளைக் கூகுள் 2024 மார்ச்சில் குப்பை விதிகளுக்குள் கொண்டுவந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்தேன். அதற்குப் பதில் அந்தப் பகுதியில் இப்போது எத்தனை வீடு, ஒத்தித் தொகை எதிலிருந்து எதுவரை, கடைசியாக வந்த விளம்பரம் எந்தத் தேதி என்று தரவிலிருந்தே இரண்டு வரி. அண்ணன் இருபது பகுதிகளுக்கு மட்டும் தன் வார்த்தையில் சொன்னதைச் சேர்த்தேன்.

தளத்தின் முகவரிகளைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுக் கொடுக்கும் சைட்மேப்பில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை வைக்கலாம், எங்களுக்கு அந்த எல்லை வரவே வராது. இருந்தும் வீடுகள் ஒரு கோப்பு, பகுதிப் பக்கங்கள் ஒரு கோப்பு என்று பிரித்தேன், எது இன்டெக்ஸ் ஆகிறது எது ஆகவில்லை என்று தனித்தனியாகப் பார்க்கலாம் என்பதற்காக. ஒவ்வோர் இரவும் எல்லா வரிக்கும் அன்றைய தேதியைப் போட்டுக்கொண்டிருந்த நிரலை நிறுத்தி, வீட்டு விவரம் உண்மையில் மாறிய தேதியைப் போட்டேன். தினமும் எல்லாம் மாறியது என்று சொல்கிறவன் தேதியை யார் நம்புவார்கள்?

மார்கழியில் மறுபடி ஒரு மாதப் பதிவை எடுத்து அதே சல்லடையில் சலித்தேன். கூகுள்பாட்டின் வருகைகளில் பாதிக்கு மேல் வீட்டுப் பக்கங்களுக்கு. புதிதாக ஏற்றிய வீடு இரண்டு மூன்று நாளில் தேடலில் வருகிறது. முன்பு வருவதற்குள் வீடே போய்விடும். கோச்சடை ஒத்திப் பக்கம் முதல் பக்கத்தில் ஐந்தாவதாக நிற்கிறது. மேலே இருக்கும் நால்வரும் நாடு முழுக்க நடக்கும் பெரிய தளங்கள்; அவர்களைத் தாண்ட முடியுமா என்பது தையில் ஏறும் விளம்பரங்களைப் பொறுத்தது.

ஒரு வேலை பாக்கி. பொன்மேனியில் ஒரே வீட்டை நான்கு தரகர்கள் நான்கு விளம்பரமாக ஏற்றியிருக்கிறார்கள். ஒரே படம், ஒரே மாடிப்படி, படியில் அதே செருப்பு. வாடகை மட்டும் நான்கு விதம். படங்களை ஒப்பிட்டு இவற்றை ஒன்றாக்கி ஒரே பக்கத்தில் காட்டலாம், நிரலும் பாதி எழுதிவிட்டேன். அண்ணனிடம் காட்டினேன். நான்கையும் நிதானமாகப் பார்த்தார். கடைசியில் இருந்தது அவருடைய மைத்துனர் ஏற்றியது.

“இதை மட்டும் தொடாதே தம்பி” என்றார்.